6 வருடத் தலைவலியும் ஏறிய 15 கிலோவும்: உடல் பருமன் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

அவர் வந்து உட்கார்ந்ததும் சொன்னது முழங்கால் வலியைப் பற்றித்தான். வயது 44, கணக்கு எழுதும் வேலை, பகல் முழுக்க நாற்காலியில். படி ஏறினால் இரண்டு முழங்காலும் வலிக்கிறது, அதற்கு ஏதாவது மாத்திரை வேண்டும், அவ்வளவுதான். நான் பழைய சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பேச்சு நின்றுவிட்டதே என்று நிமிர்ந்து பார்த்தால் அவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, ஒரு நீளக் குறட்டை, அப்புறம் சத்தமே இல்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறது, ஆனால் காற்று உள்ளே போகவில்லை. மனதுக்குள் எண்ணினேன், 14 வினாடி. பிறகு ஒரு திணறலோடு மூச்சை இழுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தார். "மன்னிச்சிடுங்க டாக்டர், ராத்திரி சரியா தூக்கம் இல்ல" என்றார். கூட வந்திருந்த கணவர் எதுவும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன், அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். முழங்காலுக்கு ஒருவர், ரத்த அழுத்தத்துக்கு ஒருவர், தலைவலிக்கு ஒருவர், நெஞ்செரிச்சலுக்கு ஒருவர் என்று 6 வருடத்தில் நான்கு மருத்துவர்கள் இவரைப் பார்த்திருக்கிறார்கள். நான்கு சீட்டிலும் கடைசி வரி ஒன்றுதான்: "எடையைக் குறைக்கவும்." எடை ஏன் ஏறியது என்று ஒரு சீட்டிலும் இல்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் என்னவெல்லாம் நடந்தது என்பதுதான் இந்த நிகழ்வு.

முதல் நாள் பார்த்தவை

உயரம் 158 செ.மீ., எடை 97 கிலோ. பிஎம்ஐ 38.9. இடுப்புச் சுற்றளவு 114 செ.மீ., கழுத்துச் சுற்றளவு 42 செ.மீ. எடை பார்க்கும் கருவி நடைபாதையில், காத்திருக்கிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. அவர் ஏறத் தயங்கினார், அதை அறைக்குள் கொண்டுவரச் சொன்னேன், பிறகுதான் ஏறினார். கடைசியாக எடை பார்த்து மூன்று வருடம் ஆகிறது என்றார்.

பிஎம்ஐ என்பது கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண். 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடல் பருமன் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பொதுவான கோடு. தெற்காசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு இதைவிடக் குறைந்த எண்ணிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் வந்துவிடுவதால் அவர்களுக்குக் கோட்டைக் கீழே இறக்கி வைக்கிறோம். இந்தச் சூத்திரத்தை 19ஆம் நூற்றாண்டில் போட்டவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கணித அறிஞர் அடால்ஃப் கெட்லே. அவர் மருத்துவர் இல்லை, மக்கள்தொகையின் சராசரியைத்தான் தேடிக்கொண்டிருந்தார், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் நோயை அல்ல. கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதை பிஎம்ஐ சொல்லாது. தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அவ்வளவு தொந்தரவு தருவதில்லை, வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியும் கொழுப்புதான் ஆபத்து. அதற்கு ஓர் இஞ்ச் டேப் போதும். அந்த நான்கு சீட்டுகளிலும் இடுப்பு அளவு இல்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அடுத்தது ரத்த அழுத்தம். அறையில் இருந்த சாதாரணப் பட்டையைக் கட்டிப் பார்த்தபோது 166/102. அவர் ஏற்கெனவே இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார், முந்தைய வாரம்தான் மூன்றாவதையும் சேர்த்திருக்கிறார்கள், அதிலிருந்து எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றார். பட்டை கையைச் சுற்றி முழுதாக வரவில்லை, ஒட்டுகிற இடம் பிடிக்காமல் விலகி நின்றது. மேல் கையை அளந்தேன், 38 செ.மீ. சாதாரணப் பட்டை 34 செ.மீ. வரைக்கும்தான் பொருந்தும். பெரிய பட்டையைத் தேடி எடுத்து ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்த்தால் 142/90. சிறிய பட்டையைப் பெரிய கையில் கட்டினால் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும், இது மருத்துவப் படிப்பிலேயே சொல்லித்தருகிற விஷயம். ஆனாலும் தவறான பட்டையில் எடுத்த எண்ணை நம்பி மூன்றாவது மாத்திரை எழுதப்பட்டுவிட்டது. அதை அன்றே நிறுத்தினேன், ஒரு வாரத்தில் தலைசுற்றல் போய்விட்டது.

ரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.3, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5ஐத் தொட்டால் நோய். ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைட் 212, நல்ல கொழுப்பான எச்டிஎல் 36, கல்லீரல் என்சைம் ஏஎல்டி 68. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது, ஆனால் தழும்பு விழும் அளவுக்கு இன்னும் போகவில்லை. தைராய்டு சரியாக இருந்தது. எடை ஏறினாலே தைராய்டுதான் என்று பலரும் நம்புகிறார்கள், தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய உப்பும் நீரும். கார்டிசால் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் நோய்க்கான அடையாளங்கள், அதாவது வயிற்றில் அகலமான ஊதா வரிகள், தொட்டால் கன்றிப்போகும் தோல், தொடைத் தசை பலவீனம், எதுவும் இல்லை.

கணவர் வெளியே போன பிறகு, தயங்கித் தயங்கி, இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசிகிறது என்றார். நான்கு வருடமாக. யாரிடமும் சொன்னதில்லை. வயிற்றுக்குள் அழுத்தம் கூடும்போது இடுப்புத் தளத் தசைகள் தாங்க முடியாமல் வருவது இது. இதே அழுத்தம்தான் மேலே இரைப்பை அமிலத்தைத் தள்ளி நெஞ்செரிச்சலையும் தருகிறது.

ஒரு தாள், ஒரு கோடு

இரண்டாவது சந்திப்புக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கினேன். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, கீழே வயது, பக்கவாட்டில் கிலோ என்று கோடு போட்டு பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டேன். "ஞாபகம் இருக்கிற எடையை எல்லாம் புள்ளி வைங்கம்மா, பக்கத்துல அப்போ வாழ்க்கையில என்ன நடந்ததுன்னு எழுதுங்க." பருமனுக்கு வரும் எல்லோரிடமும் இதைச் செய்கிறேன், எந்த ஸ்கேனும் இதற்கு ஈடாகாது.

22 வயதில் 58 கிலோ. இரண்டு பிரசவம் முடிந்து 71. இரண்டாவது பிரசவத்தில் கர்ப்பகாலச் சர்க்கரை வந்திருந்தது, குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். அப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம், வருடா வருடம் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அப்புறம் கோடு மூன்று முறை இறங்கி மூன்று முறை ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் பட்டினி மாதிரி இருந்து எட்டு, பத்து கிலோ குறைத்திருக்கிறார், ஒன்றரை வருடத்துக்குள் குறைந்தது எல்லாம் திரும்பியதோடு மேலே இரண்டு மூன்று கிலோ சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பக்கத்தில் அவர் எழுதியிருந்தது "என் தப்பு". மூன்று இடத்திலும் அதே சொல்.

38 வயதில் 82 கிலோ. அங்கிருந்து கோடு நிற்காமல் மேலே போகிறது, இறக்கமே இல்லை, 6 வருடத்தில் 15 கிலோ. "38 வயசுல என்ன ஆச்சு?" என்றேன். யோசித்தார். "ஒண்ணும் இல்ல டாக்டர், தினம் காலைல தலைவலி வர ஆரம்பிச்சது, அதுக்கு ராத்திரி ஒரு மாத்திரை குடுத்தாங்க, இன்னமும் சாப்பிடுறேன்." பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். அமிட்ரிப்டிலின்.

தலைவலி எப்போது வருகிறது? எழுந்ததும். எப்போது போகிறது? ஒன்பது பத்து மணிக்குள் தானாகவே. குறட்டை எப்போதிலிருந்து? இதற்குக் கணவர் பதில் சொன்னார்: "ஏழெட்டு வருஷமா டாக்டர். நடுவுல மூச்சு நின்னுடுது, நான் தட்டி எழுப்புவேன்." முதல் நாள் அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததன் காரணம் அப்போது புரிந்தது. இத்தனை வருடமாக இரவில் விழித்திருந்து மனைவியின் மூச்சைக் காவல் காத்திருக்கிறார், அது ஒரு நோயின் அடையாளம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, யாரும் அவரைக் கேட்கவும் இல்லை.

தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 47 முறை மூச்சு நிற்கிறது அல்லது பாதியாகிறது என்று வந்தது. இதுதான் தூக்க மூச்சுத்தடை நோய் (ஸ்லீப் ஏப்னியா), 30ஐத் தாண்டினாலே தீவிரம். ரத்தத்தில் ஆக்சிஜன் 76 சதவீதம் வரை இறங்கியிருந்தது.

இப்போது தாளில் இருந்ததை வரிசையாகப் படிக்க முடிந்தது. பிரசவங்களுக்குப் பிறகு ஏறிய எடையில் கழுத்திலும் நாக்கிலும் கொழுப்பு சேர்ந்து, தூங்கும்போது தொண்டையில் மூச்சுப்பாதை அடைக்க ஆரம்பித்தது. இரவெல்லாம் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு ஏறியதால் காலையில் தலைவலி. அந்தத் தலைவலிக்கு ஒற்றைத் தலைவலி என்று பெயர் வைத்து அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். நல்ல மருந்துதான், சரியான ஆளுக்குக் கொடுத்தால். ஆனால் அது மூளையில் ஹிஸ்டமின் ஏற்பிகளை அடைத்துவிடுவதால் பசியைத் தூண்டும், தூக்க மயக்கத்தையும் கூட்டும். பசி கூடி எடை ஏறியது, எடை ஏறி மூச்சுத்தடை மோசமானது, தூக்கம் கெட்டதில் பகலில் அசைய முடியாத அசதி. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் குறையும், ஆகவே மறுபடி பசி. மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் உடம்பு அபாய நிலைக்குப் போய் அட்ரினலினைக் கொட்டுகிறது, இரவில் இறங்க வேண்டிய ரத்த அழுத்தம் இறங்குவதில்லை. நான்கு சீட்டு, நான்கு நோய் என்று இருந்ததெல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுற்றிய ஒரே சக்கரம்.

ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள், வலிப்புக்கான வால்ப்ரோயேட், சில சர்க்கரை மாத்திரைகள் என எடையை ஏற்றும் மருந்துகள் நிறைய உண்டு. பருமனோடு வருகிறவரின் மாத்திரை அட்டைகளை மேசையில் கொட்டச் சொல்லிப் பார்க்காமல் உணவுப் பட்டியலைக் கையில் கொடுப்பது அநியாயம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

கொழுப்பு சும்மா கிடப்பதில்லை

"இவ்வளவும் கொழுப்பால வருமா டாக்டர்?" என்று கேட்டார். கொழுப்பு என்றால் மிச்ச உணவைப் போட்டு வைக்கும் கிடங்கு என்றுதான் வெகுநாள் மருத்துவமும் நினைத்தது. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டினைக் கண்டுபிடித்தபோது அந்தப் படம் மாறியது, ஏனென்றால் அந்த ஹார்மோனைச் சுரப்பதே கொழுப்புத் திசுதான். அது ஓர் உறுப்பு, நாள் முழுக்க மூளையோடும் கல்லீரலோடும் ரத்தக் குழாய்களோடும் பேசிக்கொண்டிருக்கும் உறுப்பு. கொழுப்புச் செல்கள் அளவுக்கு மீறி ஊதும்போது அங்கே அழற்சி தொடங்குகிறது, இன்சுலினுக்கு உதவும் அடிபோனெக்டின் குறைகிறது, இடம் போதாமல் வழியும் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் படிகிறது, அங்கே இன்சுலின் சொல்வது எடுபடுவதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து சமாளிக்கிறது, ஒரு நாள் முடியாமல் போகும்போது சர்க்கரை ஏறுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலிருந்துதான் வருகிறது, கருப்பை உள்படலப் புற்றுநோயும் அந்த வயதில் வரும் மார்பகப் புற்றுநோயும் பருமனோடு கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மொத்தம் 13 வகைப் புற்றுநோய்களுக்குப் பருமனோடு தொடர்பு இருப்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் உறுதிப்படுத்தியது.

முழங்காலைப் பொறுத்தவரை கணக்கு எளிது. உடலில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீது விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. அவருக்கு மிகவும் பிடித்துப்போன தகவல் இதுதான், ஒரு நாளில் எத்தனை அடி நடக்கிறோம் என்று உடனே பெருக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சிகிச்சையும் எட்டாவது மாதமும்

முதலில் உணவைத் தொடவில்லை, தூக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். இரவில் முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி கொடுத்தோம். முதல் வாரம் கழற்றி எறிந்துவிட்டார், மூக்குப் பாலத்தில் சிவந்து புண்ணாகியிருந்தது. அளவு மாற்றி வேறு முகமூடி கொடுத்தோம். அமிட்ரிப்டிலினை ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். சிபாப்பை ஒழுங்காகப் போட ஆரம்பித்த மூன்றாவது வாரம் காலைத் தலைவலி நின்றது, மாத்திரையை முழுதாக விட்ட பிறகும் திரும்பவில்லை. 6 வருடத் தலைவலி. அன்று அவர் என் அறையில் அழுதார்.

சிபாப் எடையைக் குறைக்காது, இதைச் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கொஞ்சம் ஏறக்கூட செய்யும். ஆனால் தூங்கி எழுந்த உடம்புதான் நடக்கும், சமைக்கும், யோசித்துச் சாப்பிடும். அடுத்து புரதம் கூட்டி, சர்க்கரை சேர்த்த பானங்களை நிறுத்தி, உணவு முறையை அவர் வாழ்க்கைக்கு ஏற்றபடி உணவியல் நிபுணரோடு உட்கார்ந்து மாற்றினோம். வாரம் 150 நிமிட நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி, இடுப்புத் தளத் தசைகளுக்குத் தனிப் பயிற்சி. ஆரம்ப எடையில் 7 சதவீதத்தைக் குறைத்து இந்த அளவு நடந்தாலே சர்க்கரை நோயாக மாறுவது 58 சதவீதம் தடுக்கப்படுகிறது என்று 2002இல் வந்த அமெரிக்கத் தடுப்பு ஆய்வு காட்டியது, எனவே எங்கள் முதல் இலக்கும் அதேதான், 97 கிலோவில் சுமார் 7 கிலோ. ஐந்தாவது மாதம் 91 கிலோ.

எட்டாவது மாதம் 94. அன்று நான் ஒரு தவறு செய்தேன். எடையைப் பார்த்துவிட்டு யோசிக்காமல், "எப்படி ஏறிச்சு?" என்று கேட்டுவிட்டேன். சாதாரணமாகக் கேட்டதுதான். அவர் முகம் இறுகியது, ஏதோ சமாதானம் சொன்னார், போனார், பத்து வாரம் வரவில்லை. தொலைபேசியில் இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை கணவர் எடுத்து, "உங்க முகத்துல முழிக்க வெக்கமா இருக்குங்கறாங்க டாக்டர்" என்றார். தாளில் மூன்று இடத்தில் "என் தப்பு" என்று எழுதியவரிடம் நான்காவது முறையாக அதையே நான் சொல்லியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு வரச் சொன்னேன்.

வந்ததும் அதே தாளை எடுத்து வைத்து, எடை ஏன் திரும்புகிறது என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய விதத்தில் சொன்னேன். எடை குறைந்ததை உடம்பு பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. 2011இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், உணவைக் குறைத்து எடை இழந்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை 6 வருடம் கழித்துச் சோதித்தபோது, அவர்கள் உடம்பு எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது, பெரும்பாலோர் எடையைத் திரும்பப் பெற்ற பிறகும்கூட. மரபின் பங்கும் பெரியது, இரட்டையர் ஆய்வுகளில் பிஎம்ஐ வேறுபாட்டில் 40 முதல் 70 சதவீதம் வரை மரபணுவால் என்று வருகிறது. "அப்போ அந்த மூணு தடவையும்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பேனாவை வாங்கி மூன்று இடத்திலும் அந்தச் சொல்லை அடித்தார்.

செமாக்ளூடைட் ஊசியைப் பற்றி அன்றுதான் பேசினோம். வாரம் ஒரு முறை, குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் போல வேலை செய்து பசியைத் தணிக்கும். அவருக்கும் குடும்பத்திலும் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இல்லை, கணைய அழற்சி வந்ததில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டோம். நிறுத்தினால் எடை திரும்பும் என்பதையும் மறைக்கவில்லை: இதே மருந்தின் பெரிய ஆய்வில் நிறுத்திய ஒரு வருடத்துக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ரத்த அழுத்தத்துக்கு வாழ்நாள் மாத்திரை என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை, இதற்கும் அப்படித்தான். 0.25 மி.கி.யில் தொடங்கி ஏற்றினோம், 1 மி.கி.க்கு மேல் போனபோது குமட்டலும் வாந்தியும் தாங்கவில்லை, அதனால் 1 மி.கி.யிலேயே தொடர்ந்தோம். புரதமும் தசைப் பயிற்சியும் தொடர வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன், வேகமாகக் குறையும் எடையில் தசையும் சேர்ந்து போய்விடும்.

ஒன்றரை வருடம் கழித்து

84 கிலோ, பிஎம்ஐ 33.6. கோட்டின்படி பார்த்தால் இன்னும் பருமன்தான், எண்ணை மட்டும் பார்க்கிறவர் தோல்வி என்றுகூட எழுதுவார். இடுப்பு 114லிருந்து 101. எச்பிஏ1சி 5.8, ஏஎல்டி 34, ட்ரைகிளிசரைட் 148. ரத்த அழுத்தம் ஒரே மாத்திரையில் 126/80. மூச்சுத்தடை மணிக்கு 47லிருந்து 26. சிறுநீர்க் கசிவு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. நெஞ்செரிச்சல் மாத்திரை தேவைப்படவில்லை. வலது முழங்கால் படி இறங்கும்போது இன்னும் வலிக்கிறது, எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிறது, அது போகாது, தொடைத் தசையைப் பலப்படுத்தித்தான் சமாளிக்க வேண்டும்.

சிபாப் இன்னும் தேவை, அழுத்தத்தை மட்டும் குறைத்து அமைத்திருக்கிறோம். மேல் கை இப்போது 35 செ.மீ., இன்னமும் பெரிய பட்டைதான், அதை அவர் சீட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். போன முறை வந்தபோது வெளியே காத்திருப்பவர்களில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாராம். இவர் உள்ளே வந்ததும் முதலில் சொன்னது அதைத்தான்: "வெளிய ஒருத்தர் தூங்குறார் டாக்டர், கழுத்தை அளந்து பாருங்க."